தனித்து விடப்பட்ட கணினி: வாசகர் கேள்வி–பதில்

தரவு உருவாகும் இடத்துக்கு அருகிலேயே கணக்கீட்டையும் வைத்துக்கொள்ளும் முறைக்கு எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று பெயர். நின்றுபோனால் உயிருக்கோ உடைமைக்கோ கேடு விளையக்கூடிய சேவைகளில் இம்முறையைப் பயன்படுத்துவது பற்றியும், அங்கே பழுதைத் தாங்கும் திறனை எப்படி அமைப்பது என்பது பற்றியும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்துக்கொண்டேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்கும் பதிவுகளும் கிளவுடில், அதாவது இணையம்வழி அடையும் தொலைதூரக் கணினிகளில், நன்றாகவே நடக்கின்றன. முக்கியமான சேவைகளுக்கு மட்டும் எட்ஜ் எதற்கு? அங்கே பழுதுதாங்கும் திறன் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: கணக்குப் பதிவு அரை நிமிடம் தாமதமானால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரத்தை நோக்கி ஒரு கை நீள்வதைக் கேமரா பார்த்துவிட்டது, உடனே இயந்திரம் நிற்க வேண்டும் என்னும்போது நிலைமை வேறு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவிநாடி. 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்ப, வழியில் எந்த ரவுட்டரும் தயங்காவிட்டாலும், 10 மில்லிவிநாடி தேவை. கண்ணாடி இழைவழியே செல்லும்வரை, எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்தத் தாமதத்தைக் குறைக்க முடியாது.

ஆனால் தாமதத்தைவிடப் பெரிய காரணம் இணைப்பு அறுவதுதான் என்பது என் கருத்து. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க், பராமரிப்பின்போது செய்யப்பட்ட ஒரு தவறான அமைப்பு மாற்றத்தால் நாடு முழுவதும் முடங்கியது. கைப்பேசி, இணையம் ஆகியவற்றுடன் அவசர அழைப்புகளும் டெபிட் அட்டைப் பரிவர்த்தனைகளும் பாதிக்கப்பட்டன. எங்கோ நலமாக இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை அடைய வழியில்லை என்றால், அது நலமாக இருப்பதனால் கைநீட்டிய தொழிலாளிக்கு எந்தப் பயனும் இல்லை.

எட்ஜுக்கு மாறியதும் இந்தச் சிக்கல் தீர்கிறது, வேறொன்று தொடங்குகிறது. டேட்டா சென்டரில் ஒரு சர்வர் செத்தால் பக்கத்து அடுக்கில் நூறு சர்வர்கள் இருக்கும், குளிரூட்டலும் ஜெனரேட்டரும் இருக்கும், இரவிலும் ஆள் இருப்பார். எட்ஜ் கருவியோ ஒரு கம்பத்தின் உச்சியில், வெயிலிலும் தூசியிலும், பூட்டிய பெட்டிக்குள் தனியாக இருக்கும். அதற்குத் துணையாகக் கிடைப்பது இன்னும் ஒன்றோ இரண்டோ கருவிகள்தான். கிளவுடில் எண்ணிக்கையால் சமாளிக்கும் பழுதை இங்கே முன்யோசனையால்தான் சமாளிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் பல முறை வரப்போகும் மூன்று சொற்களை இங்கேயே பிரித்துவைத்துக்கொள்வோம். நினைவகச் சில்லில் ஒரு பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு) கெட்டுப்போவது பழுது. அதனால் கணக்கில் தவறான எண் வருவது பிழை. அந்த எண்ணை நம்பி வால்வு தவறாகத் திறந்துகொண்டால் அது செயலிழப்பு. பழுது வராமல் தடுப்பது ஒரு வேலை. வந்த பழுது செயலிழப்பாக வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது வேறொரு வேலை. பழுதுதாங்கும் திறன் என்று நாம் சொல்வது இரண்டாவதைத்தான்.

கேள்வி: ஒன்றுக்கு இரண்டாகக் கருவி வைத்துவிட்டால் போதுமே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதில்: காகிதத்தில் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பழுதாகிக் கிடக்கும் கருவி ஒன்றுக்கு இணையாக அதே போன்ற இன்னொன்றை வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகிக் கிடக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. 99 சதவீதம் 99.99 சதவீதமாகிவிடுகிறது. இந்தப் பெருக்கல் செல்லுபடியாக வேண்டுமானால் ஒன்றின் பழுதுக்கும் மற்றொன்றின் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. நடைமுறையில் அந்த நிபந்தனைதான் முதலில் உடைகிறது.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம், பறப்புக்கான செயல்வரிசை தொடங்கிச் சுமார் 40 விநாடிகளில் வெடிப்பில் முடிந்தது. ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியமைப்பு அதில் இரண்டு இருந்தன. ஒன்று நின்றால் மற்றொன்று பொறுப்பேற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், அந்த மென்பொருள் முன்பு ஓடிய ஏரியான் 4 ராக்கெட்டில் ஒருபோதும் வந்திராத பெரிய மதிப்பு வந்தது; கருவி நின்றது. துணைக்கருவிக்கு மாறலாம் என்றால், அதே காரணத்தால் துணைக்கருவி 72 மில்லிவிநாடிகளுக்கு முன்பே நின்றிருந்தது. இரண்டு கருவிகள் இருந்தும் பழுது ஒன்றாகவே இருந்தது.

இதற்கு மாறாக அமெரிக்க விண்வெளி ஓடத்தில் ஒரே மென்பொருளை ஓட்டும் நான்கு கணினிகளோடு, தனிக்குழு ஒன்று தனியாக எழுதிய மென்பொருளோடு ஐந்தாவது கணினி ஒன்றும் இருந்தது. போயிங் 777 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கணினிகளில் வெவ்வேறு வகையான மூன்று பிராசசர்கள் பயன்படுத்தப்பட்டன. எட்ஜ் கருவி வாங்கும் எல்லோரும் இந்த அளவுக்குச் செலவழிக்க முடியாது, செலவழிக்கத் தேவையும் இல்லை. ஆனால் பொதுவானவை எவை என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. இரண்டு கருவிகளுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இரண்டு ஃபைபர்களும் ஒரே குழாய்க்குள் புதைக்கப்பட்டிருக்கின்றனவா? இரண்டிலும் அப்டேட் ஒரே நொடியில் இறங்குகிறதா? இரண்டும், அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றையே பயன்படுத்தி, அது ஒரே நாளில் காலாவதியாகிறதா?

நான் நேரில் பார்த்த ஓர் அமைப்பில் இரண்டு கேட்வேக்கள் (உள்ளூர்க் கருவிகளை வெளி நெட்வொர்க்கோடு இணைப்பவை), இரண்டு சிம் அட்டைகள், இரண்டு யுபிஎஸ்கள் என்று எல்லாமே இரட்டையாக இருந்தன. இரண்டு யுபிஎஸ்களும் ஒரே மின்பலகையின் ஒரே பிரேக்கரில் இணைக்கப்பட்டிருந்தன. வரைபடத்தில் எல்லாம் இரட்டையாகத்தான் வரையப்பட்டிருந்தது. வரைந்தவர் அந்தப் பலகையைத் திறந்து பார்த்ததில்லை.

கேள்வி: நீரேற்று நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். முதன்மைக் கணினி, துணைக் கணினி என இரண்டு இருக்கின்றன. முதன்மைக் கணினியிடமிருந்து பதில் வரவில்லை என்றால் துணைக் கணினி பொறுப்பேற்கும் என்கிறார்கள். முதன்மைக் கணினி உண்மையிலேயே செத்துவிட்டதா, அல்லது இடையிலுள்ள கேபிள்தான் அறுந்ததா என்று துணைக் கணினிக்கு எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது. மழுப்பலான விடை என்று நினைக்க வேண்டாம்; இத்துறையின் மிக அடிப்படையான உண்மைகளில் ஒன்று இது. செய்தி வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு மேல் வரம்பு இல்லாத நெட்வொர்க்கில், செத்த கணினியையும் மெதுவாகப் பதில் சொல்லும் கணினியையும் வேறுபடுத்த வழியில்லை. ஒரே ஒரு கணினி செத்துப்போகக்கூடும் என்றால்கூட, அத்தகைய நெட்வொர்க்கில் மற்றவை எப்போதும் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதியளிக்கும் வழிமுறை எதுவும் இருக்க முடியாது என்பதை ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவினார்கள். எனவே நடைமுறையில் நாம் செய்வது ஊகம்தான். முதன்மைக் கணினி ‘உயிரோடிருக்கிறேன்’ என்று சீரான இடைவெளியில் ஒரு செய்தி அனுப்பும். இதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். இத்தனை துடிப்புகள் தொடர்ந்து வராவிட்டால் செத்ததாகக் கொள்வோம் என்பது விதி.

ஊகம் தவறும்போது நேர்வதுதான் ஆபத்து. கேபிள் மட்டும் அறுந்திருந்தால், முதன்மைக் கணினி தானே பொறுப்பில் இருப்பதாக நினைத்துப் பம்பை ஓட்டிக்கொண்டிருக்கும். துணைக் கணினியும் தானே பொறுப்பேற்றதாக நினைத்து வால்வை மூட உத்தரவிடும். மூடிய வால்வை நோக்கிப் பம்பு ஓடினால் என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருவர் தலைமை தாங்கும் இந்த நிலையைத் துறையினர் ஸ்பிளிட் பிரெயின் என்கிறார்கள். ஒரு கணினியும் இயங்காத நிலையைவிட இது மோசமானது.

இதைத் தவிர்க்க முதல் வழி மூன்றாவது ஒரு வாக்கு. மூன்றில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் தலைமை என்று வைத்துவிட்டால், நெட்வொர்க் எப்படிப் பிளந்தாலும் ஒரு பக்கத்தில்தான் இரண்டு வாக்குகள் இருக்க முடியும். பொதுவாகச் சொன்னால், ஒரு கணினியின் மரணத்தைத் தாங்க மூன்று, இரண்டின் மரணத்தைத் தாங்க ஐந்து. மூன்றாவது கணினி முழுத் திறனுள்ளதாக இருக்க வேண்டியதில்லை. வாக்களிக்க மட்டும் தெரிந்த சிறு கருவியாக இருக்கலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். வாக்குக் கருவியைக் கிளவுடில் வைத்துவிட்டால், இணையம் அறுந்த நிலையில் உள்ளூரில் ஒரு கணினி பழுதானால் மிஞ்சிய கணினிக்குப் பெரும்பான்மை கிடைக்காது. எட்ஜ் கருவியை வைத்ததே இணையம் அறுந்தாலும் இயங்குவதற்காக என்றால், அந்த வாக்கும் உள்ளூரில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி குத்தகை. தலைமை என்பது நிரந்தரமன்று, அடுத்த 5 விநாடிகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது. புதுப்பிக்க முடியாவிட்டால் பழைய தலைவர் தானே கையை எடுத்துவிட வேண்டும். அந்த 5 விநாடிகளுக்கு மேல் சிறிது காத்திருந்துதான் புதியவர் கைவைக்க வேண்டும். இருவருடைய கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடாது என்பதற்காகத்தான் அந்தச் சிறிய காத்திருப்பு. இவற்றோடு, பொறுப்பு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை எண்ணைக் கூட்டிக்கொண்டு போய், பழைய எண்ணோடு வரும் உத்தரவை வால்வின் கட்டுப்பாட்டுக் கருவியே மறுத்துவிடும்படி செய்தால், தூங்கி எழுந்த பழைய தலைவரால் தீங்கு நேராது. உங்கள் நிலையத்தில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். எதுவுமே இல்லாமல் ஹார்ட்பீட் மட்டும் இருந்தால், தானாகப் பொறுப்பு மாறும் வசதியை நிறுத்திவைத்து, மாற்றும் முடிவை ஊழியரிடமே விடுவது நல்லது என்பேன்.

எவ்வளவு நேரம் காத்திருந்து ‘செத்தது’ என்று முடிவுசெய்வது என்பதும் எளிய கேள்வியல்ல. 2018 அக்டோபர் 21 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டர், ஒளியியல் கருவி மாற்றும் பணியின்போது 43 விநாடிகள் தொடர்பிழந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. தொடர்பு திரும்பியபோது இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. சேவை முழுமையாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. அவசரப்பட்டதன் விலை அது. மறுபுறம், பல கணினிகளுக்குப் பணிகளைப் பங்கிட்டு ஓட்டுவதும் எட்ஜிலும் பரவலாகப் பயன்படுவதுமான குபெர்நெட்டீஸ் மென்பொருள், ஒரு கணினி பதில் சொல்லவில்லை என்று முடிவுகட்டிய பிறகும், அதிலிருந்த பணிகளை வேறிடத்துக்கு மாற்ற இயல்பாக 300 விநாடிகள் காத்திருக்கும். டேட்டா சென்டருக்குப் பொருத்தமான எண் அது. இயந்திரத்தை நிறுத்தும் பணிக்கு அதை அப்படியே விட்டுவைப்பவர் கையேட்டைப் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

கேள்வி: மின் துணைநிலையங்களில் ஒரு கேபிள் அறுந்தாலும் ஒரு மில்லிவிநாடிகூடத் தடங்கல் வராது என்று படித்தேன். இது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 62439–3 என்னும் தரநிலையிலுள்ள பிஆர்பி (இணை இரட்டிப்பு நெறிமுறை) முறையில், ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகளில் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். பெறுபவர் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு அடுத்ததை எறிந்துவிடுகிறார். ஒரு வழி அறுந்தால் மற்றொன்றின் வழியாக ஏற்கெனவே செய்தி வந்துகொண்டுதான் இருக்கும். மாற வேண்டிய தேவையே இல்லை. விலை என்னவென்றால் நெட்வொர்க் முழுவதும் இரட்டிப்பு.

கேள்வி: மருத்துவக் கருவிகளைப் பராமரிப்பவன் நான். மருந்து செலுத்தும் பம்புகளை ஒருங்கிணைக்கும் எட்ஜ் கணினி கிளவுடுடன் தொடர்பை இழந்தால், பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதானே முறை?

பதில்: ‘சந்தேகம் வந்தால் நிறுத்து’ என்பது ரயில்வே சிக்னலில் உள்ள பழக்கம். அங்கே அது சரி. சிக்னல் பழுதானால் சிவப்பு விழும், ரயில் நிற்கும், நின்ற ரயிலால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பறக்கும் விமானத்தில் நிறுத்துவது என்ற தேர்வே கிடையாது. உங்கள் பம்பு இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து சென்றுகொண்டிருக்கும்போது பம்பை நிறுத்துவதே நோயாளிக்குக் கேடாகலாம். வலிநிவாரணி மிகையாகச் செல்லும்போது நிறுத்தாமலிருப்பது கேடாகலாம். ஆகவே ‘பாதுகாப்பான நிலை எது’ என்பதைக் கணினிப் பொறியாளர் ஒருவராகத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும், ஒவ்வொரு சூழலுக்கும், மருத்துவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டிய முடிவு அது.

அமைப்பு என்ற அளவில் நான் வலியுறுத்துவது அடுக்குகளை. பம்பு தன் அளவில், தனக்கு இடப்பட்ட வேகத்தையும் மேல் வரம்பையும் எட்ஜ் கணினியின் துணையின்றிக் காக்க வேண்டும். எட்ஜ் கணினி, கிளவுடின் துணையின்றி, அந்த அறையிலுள்ள எச்சரிக்கைகளை ஒலிக்கச் செய்ய வேண்டும். கிளவுட் இல்லாமல் போனால் இழக்க வேண்டியவை நீண்டகாலப் பதிவும் ஒப்பீட்டு அறிக்கைகளும் மட்டுமே. மேலடுக்கு போனால் கீழடுக்கு கொஞ்சம் குறைந்த வசதியோடு தொடர வேண்டும். கீழடுக்கு மேலடுக்கிடம் ஒவ்வொரு நொடியும் அனுமதி கேட்டு வாழக் கூடாது.

தொடர்பற்ற நேரத்தில் சேர்ந்த தரவு பற்றியும் ஒரு சொல். அதை உள்ளூரில் சேமித்துப் பின்னர் அனுப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சேமிப்பிடம் நிரம்பினால் எதை முதலில் எறிவது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். எச்சரிக்கைப் பதிவுகளையும் வழக்கமான அளவீடுகளையும் ஒரே வரிசையில் போட்டால், பழையதை எறியும்போது தேவையானதே முதலில் போகும். அனுப்பும் செய்தி இருமுறை சென்றுசேர்ந்தாலும் கெடுதல் இல்லாதபடி உத்தரவுகளை எழுதுவதும் அவசியம். ‘இன்னும் 5 மில்லிலிட்டர் கூட்டு’ என்ற உத்தரவு இருமுறை சென்றால் 10 மில்லிலிட்டர் கூடும். ‘வேகத்தை மணிக்கு 20 மில்லிலிட்டராக வை’ என்பது எத்தனை முறை சென்றாலும் 20தான். அதே உத்தரவு இரண்டு மணி நேரம் வழியில் தேங்கி, நிலைமை மாறிய பின் வந்துசேர்ந்தால் அதுவும் ஆபத்துதான். ஆகவே எந்த நேரம் வரை செல்லும் என்பதும் உத்தரவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கேள்வி: கணினி நின்றுபோவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். சென்சார் நிற்காமல் பொய் சொன்னால் என்ன செய்வது?

பதில்: நல்ல கேள்வி. நின்றுபோகும் கருவி நேர்மையானது. உளறும் கருவியைத்தான் சமாளிப்பது கடினம். 2008 அக்டோபர் 7 அன்று குவாண்டாஸ் 72 விமானம், ஏர்பஸ் ஏ330 வகை, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பறந்துகொண்டிருந்தபோது இருமுறை திடீரென்று மூக்கைத் தாழ்த்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். காற்று வேகம், கோணம் முதலியவற்றைத் தரும் மூன்று கருவியமைப்புகளில் ஒன்று மட்டும் இடையிடையே தவறான உச்சங்களை அனுப்பியதே காரணம். ஒற்றை உச்சத்தைப் பொருட்படுத்தாமல், 1.2 விநாடிகளுக்குப் பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளும் தற்காப்பு மென்பொருளில் இருந்தது. உச்சங்கள் சரியாக 1.2 விநாடி இடைவெளியில் வந்தால் அந்தத் தற்காப்பு ஏமாறும் என்பதை வடிவமைப்பின்போது யாரும் கவனித்திருக்கவில்லை.

மூன்று சென்சார்களில் நடுமதிப்பை எடுப்பது எளிய, நல்ல பாதுகாப்பு. ஒன்று எவ்வளவு உளறினாலும் நடுமதிப்பு மற்ற இரண்டின் எல்லைக்குள்தான் இருக்கும். சராசரி எடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆனால் மூன்று வெப்பமானிகளையும் ஒரே குழாயில் ஒரே துளையில் செருகிவிட்டு நடுமதிப்பு எடுப்பவர்களும் உண்டு. அடைப்பு ஏற்பட்டால் மூன்றும் ஒருமனதாகப் பொய் சொல்லும்.

கணினிகளே ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் சொல்லக்கூடும் என்றால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. அத்தகைய ஒரு கணினியைத் தாங்க மூன்று போதாது, குறைந்தது நான்கு வேண்டும் என்று லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகியோர் காட்டினார்கள். துரோகிகளும் கலந்திருக்கும் பைசாண்டியத் தளபதிகள் என்ற உருவகத்தால் 1982இல் இச்சிக்கல் புகழ்பெற்றது. பெரும்பாலான எட்ஜ் அமைப்புகளுக்கு இந்த அளவு தேவையில்லை என்பது என் எண்ணம். கெட்ட எண்ணை அடையாளம் காணும் சரிபார்ப்புக் குறியீடுகளும், பிழைதிருத்தும் நினைவகமும், இயற்பியலுக்கு ஒவ்வாத மதிப்பை ஏற்க மறுக்கும் எளிய வரம்புகளும் முதலில் இருக்கட்டும். நீர்த்தொட்டி ஒரே நொடியில் 80 டிகிரி ஏறியதாகச் சொல்லும் அளவீட்டை மறுக்க எந்தக் கோட்பாடும் தேவையில்லை.

கேள்வி: ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் கருவியை அவ்வப்போது வேண்டுமென்றே மறுதொடக்கம் செய்யலாமா? எங்கள் மேலாளர் இதை அவமானமாக நினைக்கிறார்.

பதில்: செய்யலாம், அவமானம் ஒன்றுமில்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தற்காப்பு அமைப்பு, வந்த ஏவுகணையைத் தவறவிட்டதில் 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தனர். விநாடியில் பத்தில் ஒரு பங்கை 24 பிட்டுக்குள் முழுமையாக எழுத முடியாததால் சேர்ந்த சிறு பிழை, ஏறக்குறைய 100 மணி நேரத் தொடர் ஓட்டத்துக்குப் பிறகு சுமார் 0.34 விநாடியாக வளர்ந்திருந்தது. இடையில் ஒருமுறை மறுதொடக்கம் செய்திருந்தால் அந்தப் பிழை சுழியிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கும். போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாட்கள் தொடர்ந்து மின்னிணைப்பில் இருந்தால் நின்றுவிடக்கூடும் என்று 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்து, அதற்குள் மின்சாரத்தை நிறுத்தித் தொடங்க உத்தரவிட்டது. விநாடியின் நூறில் ஒரு பங்கை 32 பிட் குறியுள்ள (கூட்டல், கழித்தல் குறி கொண்ட) எண்ணால் எண்ணினால் அந்த எண் நிரம்ப 248 நாட்களுக்குச் சற்று மேலாகும்.

மறுதொடக்கத்தை நீங்கள் தேர்ந்தெடுத்த நேரத்தில், துணைக்கருவி பொறுப்பிலிருக்கும்போது, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். பிழையின் மூலத்தைத் தேடாமலிருப்பதற்கு அதைச் சாக்காக மட்டும் ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நூற்றுக்கணக்கான எட்ஜ் கருவிகளுக்கு அப்டேட் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒன்றில் கெட்டால் ஆளை அனுப்பிச் சரிசெய்யலாம், எல்லாவற்றிலும் கெட்டால்?

பதில்: 2024 ஜூலை 19 அன்று அதுதான் நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு பிழையான கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டபடி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பிழையான கோப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்துவிட்ட கணினிகள் நெட்வொர்க்குக்கே வராததால், திருத்தத்தைத் தொலைவிலிருந்து அனுப்ப முடியவில்லை; பலவற்றில் ஆள் நேரில் போய் அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. எட்ஜ் கருவி வைத்திருப்பவர் இந்த நிகழ்ச்சியில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

கருவியில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்களை ஒதுக்குங்கள். ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதில் புதியதை எழுதி, மறுதொடக்கத்தில் புதியதை முயன்று பார்க்க வேண்டும். புதியது எழுந்து, சென்சார்களைப் படித்து, மையத்தோடும் பேசி முடித்த பிறகே ‘நலம்’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்கத் தவறினால், வாட்ச்டாக் என்னும் காவல் கடிகாரம் கருவியை மீண்டும் தொடங்கிப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். வெறுமனே இயங்குதளம் எழுந்ததை வைத்து ‘நலம்’ என்று குறிப்பது பயனற்றது. எழுந்தபின் நெட்வொர்க்கை அடைய முடியாத கருவி, உங்கள் பார்வையில் எழாத கருவிதான்.

அனுப்புவதையும் படிப்படியாகச் செய்யுங்கள்: முதலில் மேசைமேல் இருக்கும் ஒன்று, பிறகு ஆள் எளிதில் சென்றடையக்கூடிய சில, ஒரு நாள் கழித்து மற்றவை. ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் இரண்டு கருவிகள் ஒரே தொகுதியில் வரவே கூடாது. பாதுகாப்பு அப்டேட் அவசரமானது, காத்திருக்க முடியாது என்று சொல்பவர்களிடம் மேலே சொன்னதும் பாதுகாப்பு மென்பொருள்தான் என்பதை நினைவூட்டலாம்.

கேள்வி: எங்களுக்குக் கருவி விற்பவர் ‘ஐந்து ஒன்பதுகள்’ உறுதி தருகிறார். அதாவது 99.999 சதவீதம். நம்பலாமா?

பதில்: 99.999 சதவீதம் என்றால் ஓர் ஆண்டில் 5 நிமிடங்களுக்குச் சற்று மேலான நிறுத்தம். அந்த எண் எதைப் பற்றியது என்று முதலில் கேளுங்கள்: பெட்டியா, பெட்டியும் மென்பொருளுமா, சென்சாரிலிருந்து வால்வு வரையிலான முழு வழியுமா? திட்டமிட்ட பராமரிப்பு அதில் சேருமா? மூன்று விநாடி தாமதமாக வந்த பதில் ‘இயங்கியது’ என்ற கணக்கில் வருமா?

பழுதாகும் இடைவெளியைப் பற்றியே விற்பவர்கள் பேசுவார்கள்; சரிசெய்யும் நேரத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதாவது 17,520 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டுமே பழுதாகும் நல்ல கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து மாற்ற 12 மணி நேரமானால் கிடைப்பது ஏறக்குறைய 99.93 சதவீதம்தான். ஒரு மணி நேரத்தில் மாற்ற முடிந்தால் அதே கருவி 99.994 சதவீதத்தைத் தொடும். மாற்றுக்கருவி எந்த அலமாரியில் இருக்கிறது, பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகள் பிராசசரின் தரத்தைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

துணைக்கருவி இருப்பதால் கவலையில்லை என்று அவர் சொன்னால், அது செத்துப்போனால் யாருக்கு எப்படித் தெரியவரும் என்று கேளுங்கள். சும்மா நிற்கும் கருவி செத்தாலும் சேவை தொடரும், யாரும் புகார் செய்யமாட்டார்கள். முதன்மைக் கருவி நிற்கும் நாளில்தான் அது வெளிவரும். எனவே மாதம் ஒருமுறையாவது பொறுப்பை வேண்டுமென்றே துணைக்கருவிக்கு மாற்றி, ஒரு முழு நாள் அதிலேயே ஓடவிடுங்கள். கருவியை ஏற்கும்முன் செய்யும் சோதனையின்போது விற்பவர் முன்னிலையிலேயே மின்சாரத்தைப் பிடுங்குங்கள், கேபிளைக் கழற்றுங்கள், சேமிப்பிடத்தை நிரப்புங்கள். கேபிளை முழுவதும் கழற்றாமல், பத்தில் மூன்று பொட்டலங்கள் தொலையும்படி நெட்வொர்க்கைக் கெடுத்தும் பாருங்கள். முழுமையாக அறுந்த இணைப்பைச் சரியாகக் கையாளும் அமைப்புகள் பல, பாதி அறுந்த இணைப்பில் தலைமையை இங்குமங்குமாக மாற்றிக்கொண்டே இருக்கும். இந்தச் சோதனைகளைச் செய்ய அவர் ஒப்புக்கொண்டால் மற்ற பேச்சுவார்த்தையைத் தொடரலாம்.